எல்ட்ரிட்டின் மூன்றாவது குதிப்பு

முப்பது சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து குதித்து, தரையைத் தொட்டதும் முடிந்த மட்டும் மேலே எம்ப வேண்டும். ஆளுக்கு மூன்று முறை. இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று ஓட்வெய்க் பார்ப்பாள். நார்வேயின் மேற்குக் கரையில், ஒரு சிற்றூரின் பெண்கள் ஹேண்ட்பால் அணிக்கு அவள்தான் பிசியோதெரபிஸ்ட். அந்த வேலையில் இது அவளுக்குப் பத்தொன்பதாவது ஆகஸ்ட்.

2008 ஆகஸ்ட் 19 அன்று சோல்பியோர்க் என்ற பெண்ணுக்கு இரண்டாவது குதிப்பில் இடது முழங்கால் மடிந்தது. ஷூ வழுக்கிவிட்டது என்றார்கள். ஓட்வெய்க் நோட்டில் எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டு இன்னொரு முறை குதிக்கவைத்தாள், சோல்பியோர்க் நேராக இறங்கினாள். அதற்கு இருபத்தாறாம் நாள், ஓர் ஆட்டத்தின் பதினேழாவது நிமிடத்தில், அதே முழங்காலுக்குள் நார் அறுந்தது. கூட்டத்தின் இரைச்சலை மீறி அந்தச் சத்தம் கேட்டது. இப்போதும் வீட்டு அடுப்பில் விறகு வெடித்தால் ஓட்வெய்க் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நிற்பாள். அடித்த கோடு எந்த நோட்டில் இருக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று குதித்தவள் பதினேழு வயது எல்ட்ரிட். மூன்றாவது குதிப்பில் இடது முழங்கால் உள்ளே போனது.

“தரையைத் துடைச்சு இன்னும் காயல. அதை விட்ரு, இன்னொண்ணு குதிக்கச் சொல்லு,” என்றார் பயிற்சியாளர் ஸ்டைனார். ஞாயிறன்று இளையோர் தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர்கள் ஆட்டம் பார்க்க வருகிறார்கள்.

“மூணுதான்.” ஓட்வெய்க் எழுதிக்கொண்டாள்.

“உன் நோட்டைப் பாத்தாலே பிள்ளைங்களுக்குக் காலு நடுங்குது. அப்புறம் மடியாம என்ன செய்யும்?”

“அப்ப என் முட்டி போயிருமா?” என்று கேட்டாள் எல்ட்ரிட்.

“தெரியல. இப்படி மடிஞ்சவங்க பல பேரு ஒண்ணும் ஆகாம ஆடுறாங்க. நேரா இறங்கினவங்களுக்கும் அறுந்திருக்கு. ஆறு வாரம் பயிற்சி செய். அதுவரைக்கும் ஆட வேண்டாம்.”

“தெரியலன்னும் சொல்றீங்க, உக்காருன்னும் சொல்றீங்க. நான் ஆடுறேன், போங்க.”

தடுக்கும் அதிகாரம் ஓட்வெய்க்குக்கு இல்லை. சோல்பியோர்க்கின் பெயர் வாய் வரை வந்தது. சொன்னால் அந்தக் கோடு அடித்ததையும் சொல்ல வேண்டும். நோட்டை மூடினாள்.

ஞாயிறன்று அரங்கின் சுவரோரம் நின்று, எல்ட்ரிட் குதித்து இறங்கிய ஒவ்வொரு முறையையும் எண்ணினாள். நாற்பத்தொன்று. பதினேழாவது நிமிடம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அது சரியான கணக்கு அல்ல.

ஆட்டம் முடிந்ததும் எல்ட்ரிட் வியர்வையோடு ஓடிவந்தாள். “பாத்தீங்களா? ஒண்ணுமே ஆகல!”

“பாத்தேன்,” என்றாள் ஓட்வெய்க். “அடுத்த ஆட்டம் என்னைக்கு?”

“வியாழக்கிழமை.”