அம்மன் ஏறிய தோள்

பிள்ளைகளே, போன வருடம் தை மாதத்தில் என் மகள் கார்த்திகாவை, கையைக் கழுத்தோடு துணியில் கட்டித் தொங்கவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்தேன். ரக்பி போட்டியில் அவளுக்குத் தோள்மூட்டு நழுவிவிட்டது. அவள் இந்தியப் பெண்கள் அணியில் வெளிநாட்டில் போய் ஆடியவள். முட்டை வடிவப் பந்துக்காக இரண்டு அணியும் குனிந்து, தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளும் ஆட்டம் அது. என் மகள் முன்வரிசையில் நிற்பவள். அவளுக்குத் தோள்தான் எல்லாம்.

குத்தாலம் பக்கத்தில் எங்கள் ஊர். உறவுக்காரர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். விசாரிக்கவா வந்தார்கள்? வேடிக்கை பார்க்க வந்தார்கள். என் மனைவியின் அண்ணன், கோயில் கமிட்டித் தலைவர், காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"பொம்பளப் புள்ளைக்குத் தோளு மாலை போட்டுக்கத்தான் மாப்ள. முட்டுறதுக்கா? எங்க வீட்டு மாடுகூட இப்பல்லாம் முட்டறதில்ல."

"அது யாரு எதுக்க நிக்கிறாங்கன்னு பாத்து முட்டும் மாமா" என்றாள் கார்த்திகா. தன் வயலில் மோட்டார் போடவே ஆள் தேடுகிற மனிதர் அவர். இவர் வந்து தோளைப் பற்றிப் பேசுகிறார்!

ஆபரேஷன் முடிந்து மாதங்கள் ஓடின. தஞ்சாவூர் டாக்டர், "நல்லா சேந்துடுச்சும்மா, இனிமே தாராளமா ஆடலாம்" என்று சொல்லிவிட்டார். ஆனால் பயம் சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் கொல்லைத் தென்னைமரத்தில் தோளை வைத்துத் தள்ளிப் பழகுவாள். இப்போது ஓடிப்போய் மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிடுவாள். பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது.

"மறுபடியும் கழண்டுடும்ப்பா. வரலன்னு சொல்லிடுறேன்."

அன்று மாரியம்மன் சன்னதியில் நின்று அழுதேன். "தாயே, ஜெயிக்க வைன்னு கேக்கல. அவ பயத்த மட்டும் எடுத்துக்க." மறுநாளும் அவள் மரத்தின் முன்னால் நின்று திரும்பினாள். எனக்கு அம்மன் மேலேயே கோபம் வந்தது.

ஆடித் திருவிழா. அம்மன் பல்லக்கில் புறப்பட்டாள். திடமான பையன்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். மிச்சமிருந்த வீரர்கள் ஒரு தோளில் பல்லக்கும் ஒரு கையில் செல்போனுமாக வந்தார்கள். மைத்துனர் மைக்கில் கத்தினார்: "பொம்பளைங்க தள்ளி நில்லுங்க! பல்லக்குல கை படக்கூடாது!"

வாய்க்கால் பாலத்தில் மழைச்சேறு. முன்னால் தூக்கியவன் வழுக்கி விழுந்தான். உடனே மற்ற வீரர்கள் தோளை உருவிக்கொண்டு ஒதுங்கினார்கள். பல்லக்கு தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. தலைவரோ, "புடிங்கடா! புடிங்கடா!" என்று மைக்கில் அலறியபடி பின்வாங்கிப் போனார்.

கார்த்திகா எப்போது ஓடினாள் என்று தெரியவில்லை. குனிந்து, காலை அகட்டி ஊன்றி, பல்லக்குத் தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்தாள். "ஓடாதீங்கண்ணே, வந்து முட்டுக் குடுங்க! கீழ பாக்காதீங்க, தள்ளுங்க!"

ஒதுங்கியவர்கள் திரும்பி வந்தார்கள். பல்லக்கு நிமிர்ந்தது.

நான் அவளிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "எந்தத் தோளும்மா?"

அவள் தொட்டுப் பார்த்தாள். "அதே தோளுதாம்ப்பா. ஒண்ணும் ஆகல." சிரித்தாள். பிறகு அழுதாள்.

"பொண்ணு தொட்டுட்டா, பரிகாரம் செய்யணும்" என்றார் மைத்துனர்.

"செய்யுங்க. விட்டுட்டு ஓடுன தோளுக்கெல்லாம் செய்யுங்க" என்றேன். டீக்கடையில் என் மகளைப் பற்றி இவர்கள் பேசும் கேலியைக் கேட்டுத் தலைகுனிந்து போனவன் நான். அன்றோடு அது முடிந்தது.

மகள் முகாமுக்குப் போனாள். மறுபடியும் முன்வரிசையில் நிற்கிறாள். மைத்துனர் அவளுக்கு பேனர் வைத்தார். அதில் அவர் படம்தான் பெரிது. இருக்கட்டும், வேறெதில் பெரிதாவார் பாவம்!

பிள்ளைகளே, உங்களையும் கேலி பேசுவார்கள். பேசட்டும். பயமாக இருந்தால் அம்மனிடம் சொல்லுங்கள். பயத்தை எடுக்க அவள் பூவாக வரமாட்டாள், பாரமாகத்தான் வருவாள். வரும்போது ஒதுங்காதீர்கள். தோளைக் கொடுங்கள்.