நாற்பத்தேழு துளைகள்

"இன்னும் கொஞ்சம். இன்னும். நில்லு!" என்றாள் அம்மா.

பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றேன்.

சனிக்கிழமை காலை. எங்கள் பழைய காரின் பானெட் திறந்திருந்தது. அந்த எஞ்சினுக்கு எட்டு வால்வுகள். ஒவ்வொன்றின் தலையிலும் மயிரிழை இடைவெளி விட வேண்டும். கூடினால் சத்தம், குறைந்தால் சேதம். இரண்டு பேர் செய்யும் வேலை. ஒருவர் எஞ்சினைக் கையால் சுழற்றுவார், மற்றவர் இடைவெளிக்குள் மெல்லிய தகடு ஒன்றை நுழைத்துப் பார்ப்பார். நான் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் பொறியாளர். இருந்தும் எங்கள் வீட்டில் ஸ்பேனர்தான் என் கையில். தகடு அம்மா கையில்.

"உனக்கு நம்பர் தெரியும். எனக்கு இறுக்கம் தெரியும்" என்பாள். "மூக்குக்கண்ணாடி காதுல உக்கார்ற மாதிரி இருக்கணும். கடிக்கவும் கூடாது, நழுவவும் கூடாது."

ஒருமுறை, அவள் முடித்துவிட்டுப் போனபின் எட்டையும் என் கருவியால் அளந்து பார்த்தேன். எட்டும் சரி. அவளிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில், "என்ன இன்ஜினியரே, பாஸா ஃபெயிலா?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு முப்பத்தாறு வருடங்களாக ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணைச் சோதிப்பது வேறொருவர். ஃப்ரேமைச் சூடாக்கி வளைத்து முகத்தில் பொருத்துவது அம்மா. ஆட்களை அவள் பெயரால் நினைவு வைத்துக்கொள்வதில்லை. "அந்த வளைஞ்ச மூக்கு மாஸ்டர்", "இடது காது ரெண்டு மில்லி கீழ இருக்குமே, அந்தப் பொண்ணு" என்றுதான் சொல்வாள். கைப்பையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்க்ரூட்ரைவர் இருக்கும். தெருவில் பேசிக்கொண்டிருக்கும் ஆளின் கண்ணாடி கோணலாக இருந்தால் அவளால் அந்தப் பேச்சைக் கவனிக்க முடியாது. "கழட்டுங்க" என்று கையை நீட்டுவாள். இழவு வீட்டில்கூட ஒருவரைக் கழற்ற வைத்திருக்கிறாள்.

வண்டி எங்கள் குடும்பத்துக்கு வந்தபோது எனக்கு நான்கு வயது. ஜப்பானில் செய்த நான்கு கதவு வண்டி. பால் கூடிப்போன டீயின் நிறம். அந்தக் காலத்தில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் இதே வண்டி இரண்டு நிற்கும். யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை. அப்பா கடைசிவரை ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, வெறும் தரையில் பிரேக் மட்டும் போடுவார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் கால் அழுத்திய இடத்தில் கார்ப்பெட் தேய்ந்து நூல் தெரிகிறது.

அப்பா போன மறுவருடம்தான் அம்மா பழைய கார் கண்காட்சிகளுக்குப் போக ஆரம்பித்தாள். புல்தரையில் வரிசையாக நிற்கும் வண்டிகள் எல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள்: கூரை இல்லாதவை, இரண்டே சீட் உள்ளவை, மூக்கு நீண்டவை. நடுவில் எங்கள் டீக்கலர். முதல் நாளே பக்கத்துச் சிவப்பு வண்டிக்காரர் கேட்டார்.

"ஏம்மா, இது காட்ட வந்த வண்டியா, பார்க்கிங் தேடி வந்த வண்டியா?"

"நான் ஓட்டிட்டு வந்தேன். உங்களோடத லாரியில தூக்கிட்டு வந்தாங்க போல. உடம்பு சரியில்லையா?"

அன்றிலிருந்து அவர் அம்மாவை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு கண்காட்சியிலும் பக்கத்து இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

ஒவ்வொரு வண்டியிலும் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அட்டை வைப்பார்கள். குதிரைத்திறன், உச்சவேகம், வென்ற பந்தயங்கள். அம்மாவின் அட்டையில் அவள் கையெழுத்தில் இப்படி இருக்கும்: "ஓடியது: நான்கு லட்சத்துப் பதினோராயிரம் கிலோமீட்டர். உச்சவேகம்: தெரியாது, வீட்டுக்காரர் விடவில்லை. வென்ற பந்தயம்: பள்ளி மணி, பெரும்பாலும்."

சிவப்பு வண்டியைப் பார்க்கிறவர்கள் இரண்டடி தள்ளி நின்று படமெடுத்துக்கொண்டு நகர்வார்கள். எங்கள் வண்டியிடம் வந்தால் கையை வைத்துவிடுவார்கள். "ஐயோ, எங்க வீட்ல இதேதான்!" அம்மா உடனே கதவைத் திறப்பாள். "உக்காருங்க. பின்னாடி உக்காருங்க. சின்னப்புள்ளையில அங்கதானே உக்காந்திருப்பீங்க?" தொந்தியும் தாடியுமாக வளர்ந்தவர்கள் குனிந்து பின்சீட்டில் ஏறி, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, முன்சீட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பார்கள். கண்ணைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றுகிறவர் மாட்டிக்கொள்வார். அம்மா அதை வாங்கி முறுக்கிக் கொடுப்பாள்.

அப்புறம் சுற்றிக்காட்டுவாள். தேய்ந்த கார்ப்பெட்டைக் காட்டி, "இது அவரோட பிரேக்." கடைசியாகப் பின்சீட்டின் ஓரத்தில், கதவுப் பக்கம், வரிசையாக இருக்கும் பொட்டுப் பொட்டான துளைகள். "இது எம் பொண்ணு எனக்குப் போட்ட லேட் மார்க். கடையில ஒருத்தரும் போட்டதில்ல. இவ போட்டா."

நான் போட்டதுதான். ஏழாம் வகுப்பு. பள்ளி விட்டதும் நடந்து கடைக்கு வந்து, வாசலில் நிற்கும் வண்டியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். கடைக் கண்ணாடி வழியாக அம்மா தெரிவாள். ஆறு மணிக்கு வர வேண்டியவள், யாரோ ஒருவரின் காதில் ஏதோ உறுத்துகிறது என்பதற்காக வர மாட்டாள். தாமதமான ஒவ்வொரு நாளும் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துச் சீட்டில் ஒரு குத்து. அடுத்த வருடம் சைக்கிள் கிடைத்ததும் நிறுத்திவிட்டேன்.

ஊரார் முன்னால் அவள் அதைத் தடவிக் காட்டும்போதெல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். சொல்லிப் பார்த்ததில்லை. நான் பழுதைப் பார்த்தால் பேசுகிற ஆள் இல்லை, சரிசெய்கிற ஆள்.

அதனால் சரிசெய்தேன். அவள் பிறந்தநாளுக்கு, சர்வீஸ் என்று பொய் சொல்லி வண்டியை மூன்று நாள் எடுத்துப்போனேன். சீட் தைக்கும் கடையில் அதே நிறம், அதே நெளிவு, அதே அகலத் தையல் கிடைக்கும்வரை விடவில்லை. பழைய துணியோடு வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் சொல்ல முடியாது. குறையில்லாத வேலை.

பின்கதவைத் திறந்து காட்டினேன். அம்மா குனிந்தாள். உள்ளங்கையால் ஓரத்தைத் தடவினாள். திரும்பவும் தடவினாள்.

"துளையெல்லாம் எங்கடி?"

"மாத்தியாச்சும்மா. இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."

"ம். நல்லா தைச்சிருக்கார்" என்றாள். அந்தக் கதவை அறைந்து சாத்தினால்தான் பூட்டும். அன்று அவள் சாத்திய சாத்தலில் பூட்டு விழவில்லை.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் கண்காட்சி விண்ணப்பத்தைப் பார்த்தேன். இந்த வருடம் முதல்முறையாகப் போட்டிப் பிரிவு ஒன்றில் பெயர் கொடுத்திருந்தாள். 'எதுவும் மாற்றப்படாத வண்டிகள்' பிரிவு. இருக்கைகள் என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்: "அசல். பின்னிருக்கையில் 47 துளைகள். மகள்."

அம்மா வண்டியை வாசலிலேயே விட்டாள். பஸ் பிடித்துச் சீட் கடைக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாள்.

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். ஆறாவது வால்வில் இருந்தோம். நான் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அத எல்லாருக்கும் காட்டறது எனக்குப் பிடிக்கலம்மா. கோவத்துல குத்தினது அது."

"தெரியும்டி. அதான் எண்ணி வெச்சிருக்கேன்."

தகட்டை உள்ளே விட்டு இழுத்தாள். முகத்தைச் சுளித்தாள். திருகைக் கால் சுற்று தளர்த்தினாள்.

"அவ்வளவு கோவத்துலயும் எறங்கிப் போயிடலையே நீ. குத்திட்டு அங்கயேதானே உக்காந்திருந்தே." தகடு இப்போது அவள் விரும்பியபடி வந்தது. "சுத்து. அடுத்தது."

எட்டும் முடிந்தது. கையைத் துடைத்துக்கொண்டே திட்டத்தைச் சொன்னாள். பழைய துணியைக் கடைக்காரர் அளவுக்காகப் பிரித்துப் போட்டிருக்கிறார். பழைய தையல் ஓட்டையிலேயே ஊசி போக வேண்டும் என்று சொல்லித் திரும்பத் தைக்கக் கொடுத்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை தயாராகிவிடும். போய் மாட்டிக்கொண்டு வர வேண்டும். கண்காட்சிக்கு அதன்பிறகு மூன்று வாரம் இருக்கிறது.

"நான் போய்ட்டு வரேனே" என்றேன்.

"வேண்டாம் தாயே. உன்னை அனுப்பினா கடைக்காரரையே புதுசா மாத்திட்டு வந்துடுவே."

திங்கட்கிழமை மதியம், கடையில் ஒரு குழந்தைக்கு ஃப்ரேம் பொருத்திவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் தலை சுற்றுகிறது என்றாள். ஆம்புலன்ஸ் பதினொரு நிமிடத்தில் வந்தது. சீக்கிரம்தான். போதவில்லை.

பதினைந்து நாள் வண்டியைத் தொடவில்லை. பிறகு சிவப்பு வண்டிக்காரர் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை அக்கா எடம் அப்படியே இருக்கும்மா. பக்கத்துல வேற யாரையும் நிறுத்த விடல. வண்டி வருமா?"

"வரும்" என்றேன்.

"எந்தப் பிரிவுல?"

"அவங்க எழுதின பிரிவுலயேதான்."

கதவைத் திறந்தேன். ஓட்டுநர் சீட் முழுக்க முன்னால் இழுபட்டிருந்தது. அம்மா உயரம் அப்படி. என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளவில்லை. இடித்துக்கொண்டே உட்கார்ந்தேன். பக்கத்துச் சீட்டில், செவ்வாய்க்கிழமைக்காக அவள் எடுத்து வைத்தவை: துணியைச் சுற்ற ஒரு பழைய போர்வை, கடை ரசீது, ஸ்க்ரூட்ரைவர், ஒரு சின்னக் காகித உறை. உறைக்குள் மூக்குக்கண்ணாடியில் மூக்கின்மேல் உட்காரும் மெத்துப் பட்டை ஒன்று, பருப்பளவு. மேலே எழுதியிருந்தாள்: "சீட் கடைக்காரர். இடது மூக்கு."

ஸ்டார்ட் செய்தேன். எட்டு வால்வும் சத்தமில்லாமல் ஓடின.

சீட் கடைக்காரர் வெளியே வந்து முதலில் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அம்மா வரல? அன்னைக்கே வரேன்னாங்களே. போன் அடிச்சேன், எடுக்கல."

சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார். திரும்ப வந்தபோது கையில் பழைய துணி இருந்தது. வேலை மேசையில் விரித்தார். பழைய ஓட்டைகளிலேயே ஊசி போயிருந்தது. ஓரத்து வரிசையை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். இரண்டு முறை எண்ணுவது என் தொழில் பழக்கம். இரண்டு முறையும் நாற்பத்தேழு.

"துவைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார் அவர். "இந்த ஓட்டைய மட்டும் அடைச்சுத் தரவான்னு கேட்டுட்டேன். என்னைப் பாத்தாங்களே ஒரு பார்வை!"

பேசும்போது அவர் கண்ணாடி இடப்பக்கமாகச் சரிந்து இறங்கியது. ஒற்றை விரலால் மேலே தள்ளினார். திரும்பவும் இறங்கியது. இடது பட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி. மூக்கில் சிவந்த தடம்.

உறையை நீட்டினேன். வாங்கி, கையைத் தள்ளிப் பிடித்து, எழுத்தைப் படித்தார்.

"அன்னைக்கு என்னைக் கழட்டச் சொன்னாங்க. பட்டை இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது, செவ்வாக்கெழம நானே கொண்டு வந்து போட்டு விடறேன்னாங்க."

"நான் போடட்டுமா? ஸ்க்ரூட்ரைவர் இருக்கு."

"இருக்கட்டும்மா" என்றார். உறையை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பையை வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு நழுவிய கண்ணாடியை ஒற்றை விரலால் மேலே ஏற்றிவிட்டு, பழைய துணியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார்.