விழுப்புரத்தில் ஒரு ரவுண்டு குறைந்தது

1. கேட் டியூட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்தேன். சுருக்கமாக பி.டி. அந்த வேலையில் அங்கே முதல் பெண் நான்தான். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் ஸ்டேட் ரெக்கார்டு அப்போது என் பெயரில் இருந்தது. சான்றிதழைப் பார்த்த பிரின்சிபால் மிகவும் மகிழ்ந்துபோய் எனக்கு முதல் வேலையைக் கொடுத்தார். காலையில் கேட்டில் நின்று, லேட்டாக வரும் பெண்களின் பெயரை எழுத வேண்டும்.

"கிரவுண்டு, சார்?" என்று கேட்டேன்.

"கிரவுண்டு பசங்களுக்கும்மா. பொண்ணுங்களுக்கு லைப்ரரி பின்னாடி ரிங்பால் கோர்ட் இருக்கு. வெயிலே படாது."

போய்ப் பார்த்தேன். கோர்ட்டின் நடுவில் ஒரு வேப்பமரம் நின்றது. வெயில் படாததற்கு அதுதான் காரணம்.

ஆனால் கேட்டில் நின்றதால்தான் வசந்தா கிடைத்தாள். முதல் வருஷ மாணவி. கூட்டேரிப்பட்டிலிருந்து வரும் பஸ் தினமும் தாமதம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கல்லூரி வரை, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, புத்தகத்தை மார்போடு அணைத்தபடி ஓடி வருவாள். சைக்கிள்காரர்கள் அவளுக்கு வழி விடுவார்கள். நான் பெயர் எழுதவில்லை. வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் விழுப்புரத்தில் நடக்கவிருந்த கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில், எங்கள் பக்கத்தில் முதல்முறையாகப் பெண்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டரும் உண்டு என்று கடிதம் வந்தது. வசந்தாவை அனுப்ப வேண்டும், பழக கிரவுண்டும் வேண்டும் என்று பிரின்சிபாலிடம் கேட்டேன்.

"ஒரு மெடல் கொண்டாந்து காட்டுங்க. அப்புறம் கிரவுண்டு பத்திப் பேசலாம்" என்றார்.

மெடல் வாங்க ஓட வேண்டும், ஓட கிரவுண்டு வேண்டும் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. கல்லூரி விட்டதும் நானும் வசந்தாவும் ஏரிக்கரை மேல் ஓடினோம். வசந்தாவின் அப்பாவிடமும் போய்க் கேட்டேன். அவர் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக் கடலையை உதறிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "ஒருவாட்டிதாங்க. நானும் கூட வருவேன்."

2. மெடல் தட்டு

விழுப்புரத்தில் எல்லா பி.டி.களுக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவர் ஸ்டார்ட்டர், மூன்று பேர் டைம் கீப்பர், ஒருவர் ரவுண்டு எண்ணி மணி அடிப்பவர். எனக்கு மெடல் தட்டு. "பட்டுப்புடவை கட்டிக்கினு வந்தா நல்லாருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு, தட்டோடு ஃபினிஷ் லைன் பக்கத்தில் நின்றேன்.

முந்நூறு மீட்டர் டிராக். ஐந்து ரவுண்டு ஓட வேண்டும். நான்கு முடிந்ததும் மணி அடித்தால் அடுத்தது கடைசி என்று அர்த்தம்.

வசந்தா முதலிலேயே முன்னால் போய்விட்டாள். விழுப்புரத்துப் பெண் ஒருத்தி, அஞ்சலை என்று பெயர், அவசரமில்லாமல் பின்னால் வந்தாள். மூன்றாவது ரவுண்டு முடிந்தது. மணி அடித்தது.

தலைமை நடுவரிடம் போய், "சார், மூணுதான் ஆச்சு" என்றேன்.

"நீங்க தட்டைப் பாருங்கம்மா" என்றார்.

மணியை நம்பி வசந்தா உயிரைக் கொடுத்து ஓடினாள். ரிப்பனை நெஞ்சால் அறுத்துக்கொண்டு போய் விழுந்தாள். மைக்கில் அறிவித்தார்கள்: ஸ்டேட் ரெக்கார்டு முறியடிக்கப்பட்டது, அதுவும் நாற்பது விநாடி வித்தியாசத்தில். முறிந்தது என்னுடைய ரெக்கார்டு. எல்லோரும் கை தட்டினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த வசந்தாவின் அப்பா, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, கேட்காதது நடுவர் குற்றம் என்று நான் இருந்திருக்கலாம். அப்படி நினைத்ததும் உண்மைதான். மெடல் என் தட்டிலேயே இருந்தது. எடுத்து அவள் கழுத்தில் போட்டால் திண்டிவனத்தில் எங்களுக்கு கிரவுண்டு. ஆனால் அஞ்சலை இன்னும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தாள். அவளும் எண்ணியிருக்கிறாள். யாரோ கையைப் பிடித்து நிறுத்தி, "ரேஸ் முடிஞ்சிச்சும்மா" என்றார்கள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் போனேன்.

தலைமை நடுவர் சிரித்தார். "உங்க ரெக்கார்டு போச்சேன்னு வயித்தெரிச்சலா மேடம்? அதுவும் ஓடுனது உங்க பொண்ணு."

"ரவுண்டு எண்ணின தாளைக் காட்டுங்க சார்."

மணி அடித்தவர் தயங்கித் தாளை நீட்டினார். அதில் மதியம் எந்தக் கல்லூரிக்கு எத்தனை சாப்பாடு என்று எழுதியிருந்தது. அந்தக் கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

"லேடீஸ் ரேஸ்தானே. இதுக்குப் போயி பேஜாரு பண்றீங்களே" என்றார் நடுவர்.

"விட்டுடலாம் சார். ஆனா ரெக்கார்டுன்னு மெட்ராசு அசோசியேஷனுக்கு அனுப்பப் போறீங்க. நாப்பது செகண்டு எப்படிக் குறைஞ்சிச்சுன்னு அவங்க கேப்பாங்க."

அவர் சிரிப்பு நின்றது. மூன்று மணிக்கு மறுபடியும் ஓட்டம் என்று மைக்கில் சொன்னார்கள்.

3. மூன்று மணி

வசந்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம் இல்ல மேடம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அவள் அப்பா வந்து, "வா, வூட்டுக்குப் போவலாம். இவங்க ஆட்டத்துக்கு எத்தினிவாட்டி ஓடுறது?" என்றார்.

அவள் எழுந்து காலை உதறிக்கொண்டாள். "ஓடிட்டு வர்றேம்பா."

ஐந்து ரவுண்டும் ஓடினாள். நான்காவதாக வந்தாள். அஞ்சலை முதலாவது. அவள் கழுத்தில் மெடலை நான்தான் போட்டேன். அப்போது மனசு சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் பொய்.

பஸ் ஸ்டாண்டில் வசந்தாவின் அப்பா வந்து நின்ற பஸ்களின் போர்டை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அடுத்தது எந்த ஊர்லங்க மேடம்?"

4. நிபந்தனை

பிரின்சிபால் கொதித்துப்போனார். "கெடைச்ச மெடலை நீங்களே வாணாம்னு சொல்லிட்டீங்களாமே?" கேட் டியூட்டி நீடித்தது. ஆனால் விழுப்புரத்து நடுவர்கள் பயந்திருந்தார்கள். அடுத்த வருஷப் போட்டிக்கு ரவுண்டு எண்ணும் பொறுப்பை எனக்குக் கொடுத்துக் கடிதம் போட்டார்கள். பெண்களுக்கு ஓடத் தெரியும் என்று நம்ப அவர்களுக்கு இன்னும் பல வருஷம் ஆனது. எண்ணத் தெரியும் என்பதை உடனே ஒப்புக்கொண்டார்கள். கடிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்ன பிரின்சிபால், சாயங்காலம் ஒரு மணி நேரம் கிரவுண்டை எங்களுக்கு விட்டார்.

பிறகு ஊர்களிலிருந்தும் ஆள் வந்தது. கோலியனூர், கண்டாச்சிபுரம் என்று பொங்கல் விளையாட்டு நடக்கும் இடமெல்லாம் தகராறு இல்லாமல் எண்ண ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். "வர்றேன். பொண்ணுங்களுக்கும் ஒரு ஓட்டம் வைக்கணும்" என்பேன். முணுமுணுத்துக்கொண்டே வைப்பார்கள். முதல் வருஷம் மூன்று பேர் ஓடுவார்கள், மறு வருஷம் பத்துப் பேர். கண்டாச்சிபுரத்தில் பெண்கள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்க முதல் ஆளாக வந்தது பஞ்சாயத்துத் தலைவரின் மருமகள்.

புதிதாக வேலைக்கு வரும் பி.டி. பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். நியாயம் என்று கேட்டு நான் எதுவும் வாங்கியதில்லை. நான் இல்லாமல் அவர்கள் வேலை நடக்காது என்று ஆனபோதுதான் கேட்டேன். கொடுத்தார்கள்.