மூன்று பேருக்குக் கை நடுக்கம்

டாக்டர் சிங்கராயர் இறந்த மறுவருடம், அவர் மகள் சுஜாதா மலைமேல் சிவசக்தி இருந்த வெள்ளக்கடை கிராமத்துக்கு வந்து, "அப்பாவப் பத்தி நீங்கதான் புத்தகம் எழுதணும்" என்றாள். சிவசக்தி உடனே ஒப்புக்கொண்டாள். பதினோரு வருடம் அவரிடம் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். காப்பித் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு மருந்து கண்டுபிடித்து வெளிநாடு வரை பேர் வாங்கிய விஞ்ஞானி அவர். அவரால் பிழைத்த எஸ்டேட்டுகள் மலையில் எத்தனையோ. மண் சரிந்து ரோடு அடைபட்ட நாளில், பிரசவ வலியில் துடித்த சிவசக்தியைத் தன் ஜீப்பிலேயே குப்பனூர் வழியாகச் சேலத்தில் சேர்த்தவரும் அவர்தான்.

ஆறு அத்தியாயம் மளமளவென்று வந்தது. ஏழாவதுக்காக, சுஜாதா கொடுத்திருந்த சோதனை நோட்டுகளைப் பிரித்தாள். ஒரு பக்கத்தின் அடியில் டாக்டரின் கையெழுத்து: 'காளியண்ணன், பெரியண்ணன், மணி. மருந்து அடித்த மூவருக்கும் கை நடுக்கம். மருந்துதான் காரணம். கட்டுரையில் சேர்க்க வேண்டாம்.'

காளியண்ணன் அவளுடைய அப்பா. மற்ற இரண்டு பேரும் செத்துவிட்டார்கள்.

அன்றிரவே டாக்டரைக் கொடியவராக எழுதினாள். காலையில் படித்தால் ஜீப் ஓட்டிய மனிதரைக் காணோம். கிழித்துவிட்டு நல்லவராக மாற்றி எழுதினாள். அப்பாவின் கைகளைக் காணோம். இரண்டு மாதம் எழுதி எழுதிக் கிழித்தாள். கடைசியில் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில், எதையும் குறைக்காமல் எழுதி, நோட்டுகளோடு சுஜாதாவிடம் கொடுத்தாள்.

"எங்கப்பா என்ன கொலகாரரா?"

"இல்லீங்க. அவரு செஞ்ச நல்லதும் அதுலயே இருக்குதுங்க."

"அந்த ஒரு பக்கத்த எடுத்துருங்க."

"எடுத்தா மிச்சமும் பொய்யாப் போயிருமுங்க."

சுஜாதா நோட்டுகளைத் திருப்பித் தரவில்லை. வேறொருவர் எழுதிய புத்தகம் நான்கே மாதத்தில் வெளியானது. சிவசக்தி அணுகிய இரண்டு பதிப்பகங்களும் ஆதாரம் கேட்டன. அந்தப் பக்கத்தை எடுத்துவைத்த ஒரு போட்டோகூட அவளிடம் இல்லை.

வேறு யாரும் படிக்கப்போவதில்லை என்று ஆனபிறகுதான் அந்த அத்தியாயத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"டாக்டருக்குத் தெரியுமா கண்ணு?"

"மொதல்லயே தெரியுமுங்கப்பா."

காளியண்ணன் மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்தார். "ஊட்டுக்கு வந்து எங்கையப் புடிச்சுப் பாத்தாரு. குடியக் கொற காளியண்ணான்னாரு. நாந் தொட்டதே இல்லீங்கன்னேன். சிரிச்சுட்டுப் போனாரு."

சிவசக்தி உடைந்துபோனாள். தன் கல்யாணத்தன்று தாலித் தட்டை ஏந்திய அந்தக் கைகள் நடுங்கியபோது, குடித்துவிட்டு வந்ததாக நினைத்து அப்பாவை மணவறையிலிருந்து இறங்கச் சொன்னவள் அவள்.

"உடு சாமி. நீ என்ன பண்ணுவ? எல்லாருஞ் சொல்லிச் சொல்லி, எனக்கே சில நாளு நாந்தான் குடிக்கறனோன்னு வந்துருச்சு."

எழுந்து சட்டையைத் தேடினார். "கரடியூருக்கு வண்டிய எடு. பெரியண்ணன் பொண்டாட்டி வெள்ளையம்மா இன்னும் செத்தவனக் குடிகாரன்னு வஞ்சுட்டிருக்கா."

பட்டன் போட அவருக்கு விரல் நிற்கவில்லை. அவள் போட்டுவிட்டாள்.