ஸ்டேபிள் என்றால் என்ன?

கணபதியில் எங்கள் லேத் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே என் கணவர் சரிந்து விழுந்தார். பிரஷர் ஏறி மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் முடிந்து ஐசியூவில் போட்டார்கள். அதன்பிறகு எந்த டாக்டரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"ஸ்டேபிளா இருக்காருங்க."

முதல் தடவை கேட்டபோது சந்தோஷத்தில் அழுதேவிட்டேன். கருமத்தம்பட்டியில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்து, "மாமா ஸ்டேபிளாம்டா" என்றேன். மறுநாளும் அதையேதான் சொன்னார்கள். அடுத்த நாளும். உள்ளே போய்ப் பார்த்தால் வாயில் குழாய், வீங்கிய முகம். கூப்பிட்டால் இமைகூட அசையவில்லை.

என் மாமியார் ஐசியூ வாசலில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கேட்டார்.

"ஏங் கண்ணு, நீ படிச்சவ. ஸ்டேபிள்னா அவன் நல்லாருக்கான்னு அர்த்தமா, இல்லைன்னு அர்த்தமா?"

போனில் தேடினேன். நிலையான என்று போட்டிருந்தது. கீழே குதிரை லாயம் என்றும் இருந்தது. இரண்டுக்கும் லத்தீனில் நிற்பது என்ற ஒரே வேர்தானாம். குதிரைகள் நிற்கிற இடம் லாயம். விழாமல் நிற்பது ஸ்டேபிள். விழுந்து கிடக்கிற மனிதரைப் போய் நிற்கிறார் என்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் அன்றைக்கு டாக்டரை மறித்தேன்.

"தெளிவாச் சொல்லுங்க டாக்டர். பொழைப்பாருங்களா?"

அவர் தயங்கினார். "நேத்து இருந்த மாதிரியே இருக்காருங்க. மோசமாகலை. தேறவும் இல்லை. அதுக்கு மேல எனக்கே தெரியலைங்க."

சாயங்காலம் எங்கள் பங்குச்சாமியார் ஜெபிக்க வந்தார். குருமடத்தில் லத்தீன் படித்தவர். நான் போனில் பார்த்ததைச் சொன்னதும், "ஆமாம்மா, நிக்கறதுதான்" என்றார். அத்தைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். "சிலுவைக்கடியில மாதா நின்னாங்கன்னு லத்தீன்ல சொல்றதும் இந்த வேர்தான். நீங்களும் அப்படித்தான் நிக்கறீங்க" என்றார்.

அத்தை அவரையே பார்த்தார்.

"ஏனுங்க சாமி, நின்னு பாத்துட்டே இருந்தாளே அந்த மகராசி. அவ கண்ணு முன்னாலதானுங்களே அந்தப் புள்ளை செத்துப் போச்சு?"

சாமியார் உயிர்த்தெழுதலைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் கிருமி என்றார்கள். அன்று காலை டாக்டர் என் கண்ணைப் பார்க்காமல், "இன்னைக்கு அன்ஸ்டேபிளா இருக்காருங்க. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க" என்றார். எந்தச் சொல்லை அத்தனை நாள் வெறுத்தேனோ அதற்காகவே கெஞ்சினேன். குணமாக வேண்டாம், பேச வேண்டாம், நேற்று இருந்தபடி இருந்தால் போதும் என்று கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டி வேண்டினேன். பக்கத்துக் கழிவறையில் இருந்த பெண் வந்து கதவைத் தட்டி, "அம்மணி, உள்ள என்னாச்சு?" என்று கேட்டாள்.

அன்றும் மறுநாளும் எப்படிப் போயின என்று நினைவில்லை. தம்பி வந்திருந்தான். அத்தை சாப்பிடவில்லை. பிறகு டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, "மறுபடியும் ஸ்டேபிளாயிட்டாருங்க" என்றார். அத்தை அவர் காலில் விழப் போனார். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

என் கணவர் பிழைத்தார். வீட்டுக்கு வந்து வெகுநாளாகிறது. வலது கை வரவில்லை. பேச்சு வந்தது, ஆனால் சொற்கள் இடம் மாறி வருகின்றன. சோற்றைத் தண்ணீர் என்கிறார், மின்விசிறியைச் செருப்பு என்கிறார். என் பெயர் அவருக்கு இன்னும் வாயில் வரவில்லை. என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். அந்தக் குரல் கேட்டால் அத்தையும் எழுந்துவிடுகிறார், நானும் எழுந்துவிடுகிறேன்.