நொச்சி ஆவியும் பீங்கான் தூசியும்

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளை உப்புத்தாளால் தேய்ப்பது அம்மாவின் வேலை. மார்கழியில் அவளுக்கு இருமல் பிடித்தது.

"ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போம்மா" என்றார் பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா.

"டிகிரி படிச்சது நானா, நீங்களாக்கா?" என்று அவர் வாயை அடைத்தேன்.

நொச்சி ஆவியும் கசாயமும் மட்டுமே கொடுத்தேன். "படிச்ச புள்ள, தெரியாமலா சொல்லும்" என்று அம்மா தினமும் இருமிக்கொண்டே வேலைக்குப் போனாள். பங்குனியில் சளியோடு ரத்தம் வந்தது.

"நுரையீரல் பூரா தூசி. அப்பவே வேலைய நிறுத்தியிருக்கணும். போனது திரும்பாதும்மா" என்றார் மருத்துவர்.

இப்போது யார் இருமினாலும் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டு, மருத்துவமனைக்கு அனுப்புகிறேன். நாலடி நடந்தாலே மூச்சு வாங்கும் அம்மா, வருகிறவர்களிடம் இன்றும் பெருமையாகச் சொல்கிறாள்: "எம்பொண்ணுதான் வைத்தியம் பாத்தா. மூணு மாசமும் ஒரு மாத்திரகூட குடுக்கல."