வேண்டுகோள் இல்லை

அலுவலகத்தில் அவளுக்குக் காதுக்காரி என்று பெயர். வீடுகளில் கேட்டதைச் செய்து தரும் பேசும் கருவிகளிடம் யார் யாரோ சொன்னவற்றின் பதிவுகளைக் கேட்டு, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று குறிப்பதுதான் ஆறு வருடமாக அவள் வேலை. காதில் ஹெட்போன், எதிரே திரை, திரையில் ஏழு கட்டங்கள். பாட்டு, தகவல், பொருள், நினைவூட்டல் என்பது போல ஆறு. ஏழாவது, 'வேண்டுகோள் இல்லை'.

ஏழாவதை அடிக்கடி அழுத்தினால் மதிப்பெண் குறையும். ஒருமுறை ஒரு பெண்குரல், "அப்பாடா, இன்னிக்கும் முடிஞ்சுது" என்று மட்டும் சொன்னது. காதுக்காரி ஏழாவதைக் குறித்தாள். மறுநாள் அது திரும்பி வந்தது.

"அக்கா, மனுஷின்னா ஏதாச்சும் வேணும்தானே? நல்லாத் தேடிப் பாருங்க" என்றாள் மேற்பார்வை பார்க்கும் பெண்.

"அவளுக்குப் பெருமூச்சு வந்துது, விட்டுட்டா. அதுக்கு எந்தக் கட்டம்மா இருக்கு?"

"பாட்டுன்னு போடுங்க. ஏதோ ஒரு பாட்டு ஓடும், அந்தம்மாவும் கேட்டுட்டுப் போகட்டுமே."

போட்டாள். அதன்பின் கை தானாகவே தேடப் பழகிவிட்டது. யார் முனகினாலும் உள்ளே ஓர் ஆசை இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அவளே ஒன்றை வைப்பாள். வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை.

கணவர் பேட்டரித் தொழிற்சாலையில் ஷிப்ட் பொறுப்பாளர். கடலோர ஊர் ஒன்றில் புதுக் கிளை திறந்தார்கள். விருப்பம் இருந்தால் போகலாம்; போனால் திரும்பி வர இடம் கிடையாது. ஒரு நாள் சாப்பிடும்போது, "அங்க ஜன்னலைத் திறந்தா கடல் தெரியுமாம்" என்றார் அவர். அப்புறம் இரண்டு நொடி பேசவில்லை. காதுக்காரிக்கு அந்த இரண்டு நொடி போதும்.

"போயிடலாமே" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்குச் சரின்னா சரி."

சம்மதக் கடிதம் போனது. வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. திங்கட்கிழமை அவள் வேலையை விடும் கடிதம் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை மாலை சமையலறையில் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"ஏம்மா, கடல்னா உனக்கு அவ்ளோ ஆசையா? இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

"எனக்கா? உங்களுக்குத்தானே ஆசை!"

"எனக்கு உப்புக்காத்தே ஆகாது. ரெண்டு நாள் இருந்தா உடம்பெல்லாம் அரிக்கும்."

"பின்ன எதுக்குக் கடல் தெரியும்னு சொன்னீங்க?"

"அங்க போய்ட்டு வந்தவன் சொன்னான், நான் உன்கிட்டச் சொன்னேன். செய்திம்மா, அவ்ளோதான்!"

கையிலிருந்த கிண்ணத்தோடு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் போக ஆசைப்பட்டது யார்? இவர் இல்லை. அவளும் இல்லை. ஆனால் பத்து நாளாக அந்த ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடலாம் என்று யோசித்தாளே, அது பொய்யா? பெருமூச்சு விட்டவளுக்குப் போட்ட பாட்டு பிடித்துப் போயிருந்தால், அந்த ஆசை யாருடையது?

"சரி, வரலைன்னு சொல்லிடறேன்." அவர் போனை எடுத்தார்.

"இருங்க. வேண்டாம்னும் தோணலியே."

"எனக்கும்தான். பாதி சாமானை மூட்டை கட்டி வெச்சாச்சு."

"கட்டினதுக்காகவா போறது? நல்ல கூத்து!"

அவர் மேலாளரிடம் பேசித் திங்கள் காலை வரை நேரம் வாங்கினார். அவள் வாயைத் திறந்ததும் கையைக் காட்டித் தடுத்தார்.

"நீ முதல்ல சொல்லாத. சொன்னா எனக்கும் அதேதான் வேணும்னு ஆயிடும். தனித்தனியா எழுதுவோம்."

ஆளுக்கொரு தாள். அவர் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் சமையலறையிலேயே இருந்தாள். 'எனக்கு' என்று எழுதினாள். அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். உள்ளேயிருந்து பேனா ஓடும் சத்தம் வருகிறதா என்று காது தானாகப் போனது. சட்டென்று எழுந்து குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அரைமணி கழித்து அவர் கதவை லேசாகத் திறந்தார். "முடிச்சிட்டியா?"

"இல்ல. நீங்க?"

"நானும் இல்ல."

"நாளைக்கு முழுசா இருக்கு. உள்ள போங்க" என்றாள் அவள்.